வழுவில்லாத எழுத்து: பௌதிகவியல் ஆய்வும் தமிழ் விஞ்ஞான உரைநடையும் – ஒரு விமர்சன நோக்கு

கலாநிதி என்னும் சொல் ஈழத்துத் தமிழரிடையே பெருவழக்குடையது. ஆயின் அச்சொல் குறிக்கும் உழைப்போ அவர்களிடையே பெரிதும் பேசப்படுவதில்லை. மேடையிலும் மலரிலும் அழைப்பிதழிலும் பெயருக்கு முன்னே பட்டம் தவறாது இடம்பெறுகின்றது. அப்பட்டத்தைப் பெறும்பொருட்டு ஒருவர் நான்கைந்து ஆண்டுகள் எதனை அறிய முயன்றார், எவ்வாறு முயன்றார், எதனை அறிய முடியாது விட்டார் என்பன பற்றித் தமிழில் எழுதப்பட்ட பக்கங்களைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். சிறப்பாகப் பௌதிகவியல் போன்ற விஞ்ஞானத் துறைகளிலே இவ்வேமாற்றம் ஏறக்குறைய முழுமையானது எனலாம்.

இதற்கு ஆங்கிலமே காரணம் என்பர் பலர். பௌதிகவியல் ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. ஆய்விதழ்க் கட்டுரைகளும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. ஆதலால் தமிழ் வாசகருக்கு அவை எட்டுவதில்லை என்பது அவர்தம் வாதம். மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொருந்துவது போலத் தோன்றினும் ஆராய்ந்து பார்ப்பின் நிலைக்காது. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கெனச் செய்த ஆய்வும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. 1968 இல் ஒக்ஸ்போர்டிலிருந்து ஆங்கில நூலாகவே வெளிவந்தது. பேராசிரியர் கா. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ் நாடகம் பற்றிய ஆய்வேடும் அத்தகையதே. எனினும் சங்கச் செய்யுளை வாய்மொழி மரபுடன் இணைத்து நோக்கிய கைலாசபதியின் முடிபு தமிழிலே எடுத்துரைக்கப்பட்டது, ஏற்கப்பட்டது, கடுமையாக மறுக்கவும்பட்டது. ஆய்வேட்டின் மொழி ஆங்கிலமாயிருந்தமை அவ்விவாதத்துக்குத் தடையாகவில்லை. எனவே தடை வேறிடத்தே உளது. தமிழில் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதுதற்கு நாம் கைக்கொண்ட உரைநடை வகைகளே அத்தடை என்பது இக்கட்டுரையின் துணிபு. அவ்வுரைநடையிற் சொல்லில்லை என்பதன்று குறை. அதிலே வழு இல்லை என்பதே குறை.

வழு என்னுஞ் சொல்லைச் சற்று விளக்குதல் வேண்டும். இலங்கையிலே க.பொ.த. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் தமிழ் மாணவர் எவரும் அச்சொல்லை அறிவர். வேணியர் இடுக்கியின் தாடைகள் முற்றாக மூடியிருக்கும்போது அளவுகோல் பூச்சியத்தைக் காட்டாதுவிடின் அது பூச்சிய வழு. அளவீட்டின் வழுவை அளவீட்டினால் வகுக்கப் பெறுவது பின்ன வழு. இச்சொல்லைத் தெரிந்தவர்கள் அதனை இலக்கணத்திலிருந்து எடுத்தனர் என்பது வெளிப்படை. தொல்காப்பியக் கிளவியாக்கம் வழாநிலை பற்றியும் வழுவமைதி பற்றியுமே பெரிதும் பேசுகின்றது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவினை எழுவகைப்படுத்தும். ஆயின் இலக்கணத்தில் வழு என்பது குற்றம், களையப்படவேண்டியது, காரணம் காட்டின் அமைக்கப்படுவது. பௌதிகவியலில் வழு குற்றமன்று. எத்துணைக் கவனமாக அளப்பினும் எஞ்சி நிற்கும் நிச்சயமின்மையின் அளவு அது. வழுவைக் குறிப்பிடாத அளவீடு அத்துறையில் அளவீடே அன்று. இலக்கணச் சொல்லொன்று பொருள் திரிந்து இவ்வளவு பொருத்தமாக அமைந்தமை கலைச்சொல்லாக்கத்தின் அரிய வெற்றிகளுள் ஒன்று. ஆயினும் சொல் வந்ததேயன்றி அதன் பின்னுள்ள மனப்பாங்கு நம் எழுத்துள் வந்து சேரவில்லை.

முதலிலே பாடநூல் உரைநடையை எடுத்துக்கொள்வோம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டும், பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் ஆங்கிலப் பாடநூல்களைப் பெயர்த்தும் செய்த பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆர்முடுகல், உந்தம், மீடிறன், திணிவு, தடைத்திறன் என்னுஞ் சொற்களோடு வளர்ந்த ஒரு தலைமுறை பௌதிகவியலின் அடிப்படைகளைத் தாய்மொழியிலே திருத்தமாகச் சிந்திக்கக் கற்றது. ஆயின் அந்நூல்களின் வாக்கிய அமைப்பைக் கூர்ந்து நோக்குக. 'காணப்பட்டது', 'நிறுவப்பட்டது', 'பரிசோதனை வாயிலாகக் காட்டலாம்' என்றவாறு செயப்பாட்டு வினைகள் தொடர்கின்றன. கண்டவர் யார், எத்தனை முறை முயன்றார், எத்தனை முறை பிழைத்தது என்னும் வினாக்களுக்கு அவ்வாக்கியங்களில் இடமில்லை. பாடநூலொன்று சுருக்கமாயிருத்தல் வேண்டுமாதலின் இது ஓரளவு தவிர்க்க முடியாததே. எனினும் இவ்வுரைநடை மட்டுமே மாணவனுக்குக் கிடைக்கும்போது விளைவு விபரீதமாகின்றது. எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் மாணவன் ஒருவனுக்கு 9.4 என்னும் பெறுமானம் கிடைக்குமாயின் அவன் செய்வது யாது? 9.8 வருமாறு வாசிப்புகளைத் திருத்திவிடுகிறான். நம் பாடசாலைகளில் இது எல்லோருமறிந்த இரகசியம். விடையிலிருந்து வாசிப்பை நோக்கிப் பின்னடக்கும் இப்பழக்கம் ஒழுக்கக் கேடு என்பதிலும் பார்க்க உரைநடைக் கேடு என்பதே பொருத்தமாகும். 9.4 என்னும் பெறுமானத்தைத் தமிழில் மதிப்புடன் எழுதிவைக்கும் வழியை அவன் எங்கும் கண்டதில்லை.

இரண்டாவது வகை, விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு. இது நம் மலர்களிலும் வாரப் பதிப்புகளிலும் பெரிதும் பயில்வது. சுப்பிரமணியன் சந்திரசேகர் பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொள்ளலாம். 1930 இல் பத்தொன்பது வயது இளைஞராக அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும், பயணத்தின்போதே வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லையுண்டு எனக் கணித்ததும், 1935 சனவரியில் அரச வானியற் கழகத்திலே எடிங்டன் அவரை எள்ளி நகையாடியதும், 1983 இல் நொபெல் பரிசு அவரைத் தேடி வந்ததும் அவற்றிலே தவறாது இடம்பெறும். கதையமைப்பிலே இது புராணத்தை ஒத்தது: தெய்வ அருள் பெற்ற பாலன், அவனை இகழ்ந்த பெரியோன், இறுதியில் நேர்ந்த முடிசூட்டு. இவை யாவும் உண்மையே. ஆயினும் 1933 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது அப்புகழ்பெற்ற எல்லைக்காகவன்று. தன்னீர்ப்பினாற் கட்டுண்டு சுழலும் வாயுக் கோளங்கள் சுழற்சியினால் எவ்வாறு உருத்திரிகின்றன என்பது பற்றிய கட்டுரைகளே அவர்தம் ஆய்வேடாயின. அது பொறுமையை வேண்டும் கணிப்பு வேலை. தொழில் பழகுபவன் செய்யும் வேலை. தமிழ்க் கட்டுரையாளர் அதனை விட்டுவிடுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அது கதைக்கு உதவாது. கலாநிதிப் பட்டம் என்பது ஒரு தொழிற்பயிற்சி, அதிலே பேருண்மை வெளிப்படவேண்டிய கட்டாயமில்லை என்னும் எளிய செய்தி இதனால் நம் மாணவரைச் சென்றடைவதில்லை. சந்திரசேகராக இயலாதவன் வாளாவிருத்தலே நன்று என அவர்கள் எண்ணின் அதற்கு இவ்வெழுத்தும் ஒரு பொறுப்பாளி.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ள எடுத்துக்காட்டுப் பேராசிரியர் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். 1918 இற் பிறந்த இவ்வீழத்துத் தமிழர் கேம்பிரிட்ஜிலே போல் டிராக்கின் மாணவராக ஆய்வு செய்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராகவும் விஞ்ஞானபீடாதிபதியாகவும் பணியாற்றினார். 1959 இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் அவுஸ்திரேலியாவின் லாற்றோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 2001 இல் மறைந்தார். 'டிராக்கின் மாணவர்' என்னும் தொடர் அவரைப் பற்றிய எழுத்திலே மீண்டும் மீண்டும் வருகின்றது. அந்த மாணவர் தம் ஆசிரியரிடம் என்ன செய்தார் என்பதற்கு விளக்கம் இக்கட்டுரையாளர் வாசித்த தமிழ் நினைவுக் கட்டுரைகள் எவற்றிலும் இல்லை. அவர் செய்தது இரண்டு பந்திகளிற் சொல்லக்கூடியது. அதுவும் தமிழிலே சொல்லக்கூடியது.

ஏற்றமுள்ள துணிக்கையொன்று ஆர்முடுகும்போது கதிர்ப்பை வெளிவிட்டுச் சக்தியை இழக்கின்றது. அவ்விழப்பு அத்துணிக்கையின் இயக்கத்தையே மீண்டும் பாதிக்கவேண்டும். இலத்திரனைப் புள்ளியெனக் கொண்டு இப்பாதிப்பை உள்ளடக்கிய சமன்பாடொன்றை 1938 இல் டிராக் வகுத்தார். எலியேசர் எழுப்பிய வினா ஒரு பாடசாலை மாணவனும் விளங்கிக்கொள்ளக் கூடியது: நிலையாக நிற்கும் புரோத்தனை நோக்கி இலத்திரனொன்று நேர்கோட்டிலே விழுமாயின் யாது நிகழும்? எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவர்வன; ஆகவே இலத்திரன் புரோத்தனிற் சென்று மோதும் என்றே எவரும் விடை கூறுவர். டிராக்கின் சமன்பாட்டின்படி அவ்வாறு நிகழாது என்பதை 1943 இல் வெளியான கட்டுரையொன்றிலே எலியேசர் காட்டினார். இலத்திரன் புரோத்தனை அடையவே மாட்டாது. இடையில் நின்று, திரும்பி, கவர்ச்சிக்கு எதிராக மேன்மேலும் ஆர்முடுகி விலகி ஓடும். இயற்கையில் இவ்வாறு நடப்பதில்லை. ஆகவே பிழை இயற்கையினதன்று, சமன்பாட்டினது. அல்லது புள்ளியிலத்திரன் என்னும் எண்ணக்கருவினது. அக்காலத்துப் பௌதிகவியலாளருள் முதல்வரிசையில் வைத்தெண்ணப்பட்ட தம் ஆசிரியரின் சமன்பாட்டிலே அதன் எல்லையைச் சுட்டிக்காட்டியமையே யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரின் பங்களிப்பு. இன்றும் அத்துறையினர் அம்முடிபை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். ஆசிரியனிடத்து வழுக் காண்பது மாணவனுக்கு அழகன்று எனப் பயின்ற நம் மரபிலே இச்செய்தி எத்துணைப் பெறுமதியுடையது! அதனை விட்டுவிட்டு 'டிராக்கின் மாணவர்' எனப் பெருமை கொள்வது, நூலை விட்டு அட்டையைப் போற்றுவதாகும்.

இவ்வகை எழுத்து ஏன் நிலைபெற்றது என்பதற்குச் சமுதாயக் காரணங்களும் உள. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அன்றுமுதல் விஞ்ஞானக் கல்வி பற்றிய தமிழர் உரையாடல் அனுமதி வாயிலிலே குவிந்தது. வெட்டுப்புள்ளி, இடம், விகிதாசாரம் என்பனவே பேசுபொருளாயின. அநீதியொன்று இழைக்கப்பட்டபோது அதுபற்றிப் பேசுதல் இயல்பு; பேசாதிருத்தலே தவறாகியிருக்கும். ஆயின் வாயிலிலே நின்ற உரையாடல் உள்ளே நுழையவில்லை. 1983 இன் இனவன்செயல்களுக்குப் பின்னர் வெளிநாடு சென்ற பட்டதாரிகள் பலர் அங்கேயே ஆய்வு செய்து அங்கேயே தங்கினர். அவர்களைப் பற்றிய செய்தியும் பட்டம் பெற்ற செய்தியாகவே ஊருக்கு வந்தது. வாயிலும் முடிசூட்டுமே தெரிகின்றன. இடைப்பட்ட நெடும்பாதை இருளில் உளது.

அவ்விடைவழி எத்தகையது என்பதற்கு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்கு வந்தது. அங்கே விஞ்ஞானபீடம் 1961 இல் தொடங்கிற்று. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தாபிக்கப்பெற்ற அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் பின்னர் கண்டி ஹந்தானைச் சாரலிலே நிலைகொண்டது. 1996 இல் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் பேராதனையிலே தொடங்கப்பெற்றது. ஆகவே மகாவலிக்கும் ஹந்தானை மலைக்கும் இடைப்பட்ட சில மைல் தூரத்துள்ளேயே ஒருவர் பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெறலாம். அங்கு வளர்ந்த துறைகளுள் ஒன்று திண்ம நிலை அயனியல். பேராசிரியர் எம். ஏ. கே. எல். திசாநாயக்க முதலியோர் பல்லாண்டுகளாக முன்னெடுத்த இவ்வாய்வுக்குச் சுவீடனின் உப்சாலாவிலிருந்து இயங்கும் சர்வதேச விஞ்ஞான நிகழ்ச்சித்திட்டம் துணை நின்றது. மாணவர் சில மாதங்கள் சுவீடனில் அளந்தும் எஞ்சிய காலம் பேராதனையில் உழைத்தும் இங்கேயே பட்டம் பெறும் முறை இதனால் வாய்த்தது. ஹந்தானையிலே பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் குழுவினரும் சாயமூட்டிய சூரியக் கலங்களிலே திரவத்துக்குப் பதிலாகத் திண்மப் பொருளைப் பயன்படுத்தி 1995 இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. இவற்றைப் பெருமைக்காகக் கூறவில்லை. இவை நம் அயலிலே நிகழ்ந்தவை. நம் எழுத்திலே நிகழாதவை.

திண்ம நிலை அயனியல் மாணவர் ஒருவரின் அன்றாட வேலையைச் சிறிது விரித்துரைப்போம். மின்கலத்தினுள்ளே திரவ மின்பகுபொருளுக்குப் பதிலாக மெல்லிய பல்பகுதியப் படலமொன்றை வைத்தால் கசிவும் தீயும் தவிரும். பொலிஎதிலீன் ஒட்சைட்டு என்னும் பல்பகுதியத்திலே இலிதியம் உப்பொன்றைக் கரைத்து, கரைப்பான் ஆவியாகும்வரை தட்டில் ஊற்றி வைத்து, அத்தகைய படலத்தைப் பெறலாம். அதனூடாக அயன்கள் நகரும். ஆயின் அறை வெப்பநிலையில் அவை மிக மெதுவாகவே நகரும். பளிங்குருவான பகுதிகள் உருகும் ஏறத்தாழ 65 பாகை செல்சியசுக்கு மேலேயே கடத்துதிறன் பன்மடங்கு உயரும். இவ்வுயர்வை அறை வெப்பநிலைக்கு இறக்கிக் கொணர்வது எவ்வாறு என்பதே வினா. அலுமினியம் ஒட்சைட்டின் நுண்டுகள்களைச் சேர்த்தால் என்னாகும்? துகளின் பருமனும் செறிவும் மாறும்போது என்னாகும்? 2003 இல் பேராதனைக் குழுவினர் சுவீடன் ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இவ்வினாக்களையே ஆராய்ந்தது.

கேட்பதற்கு இது எளிது. செய்யும்போதோ படலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பேராதனை மழைநாடு. ஈரம் புகுந்த படலம் நன்கு கடத்தும். ஆயின் அது நீரின் கடத்தலேயன்றித் துகளின் பயனன்று. ஆகவே மாதிரியை வெற்றிடத்தில் உலர்த்துதல் வேண்டும். நேரோட்டம் செலுத்தினால் அயன்கள் மின்வாய்களிலே குவிந்து அளவீட்டைக் கெடுக்கும். ஆகவே பல்வேறு மீடிறன்களிலே ஆடலோட்டம் செலுத்தித் தடையைப் பிரித்தறிதல் வேண்டும். இவ்வேலைகள் மணிக்கணக்கில் நீள்வன. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார். உலர்த்தும் வெற்றிடப் பம்பியும் வெப்பநிலையை மாறாது பேணும் கருவியும் இடையில் நிற்குமாயின் அந்த மாதிரியை எறிந்துவிட்டு மீளத் தொடங்குவதன்றி வேறு வழியில்லை. அந்நியச் செலாவணி இல்லாத ஆண்டிலே இலிதியம் உப்பைத் தருவிப்பதும் எளிதன்று. ஆய்வேட்டிலே இவற்றுள் எதுவும் இடம்பெறாது. இடம்பெறவேண்டிய கட்டாயமுமில்லை. ஆயின் இவற்றை எழுதுதற்கு ஆய்வேட்டுக்கு வெளியே ஓரிடம் வேண்டும்.

இன்னுமொன்று. கடத்துதிறனைக் கணிப்பதற்குப் படலத்தின் தடிப்புத் தெரியவேண்டும். நுண்மானித் திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர் என உயர்தர வகுப்பிலே மனனஞ் செய்த மாணவர், ஆய்வுகூடத்திலும் அக்கருவியையே எடுக்கிறார் எனக் கொள்வோம். படலத்தின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் எனின் தடிப்பில் மட்டும் பின்ன வழு பத்திலொன்று. ஆகவே இரண்டு படலங்களின் கடத்துதிறன் பத்து வீதத்தால் வேறுபடின் அவை வேறுபடுகின்றன எனக் கூற அவருக்கு உரிமையில்லை. வரைபினை மடக்கை அளவிடையிலே வரையும்போது இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடும். தெரியாமையை நல்லூழாகக் கொள்வதா, நாணயமாக எழுதிவைப்பதா என்பது அவர் முன்னுள்ள வினா. கலாநிதிப் பட்டத்துக்கான பயிற்சியின் சாரம் இவ்வினாவிலேயே அடங்கியுளது. மேலே இரண்டு பந்திகளில் இதனைச் சொல்ல நேர்ந்தபோது உயர்தர வகுப்பின் கலைச்சொற்களுக்கு அப்பால் ஒரு சொல்லும் வேண்டப்படவில்லை என்பதையும் வாசகர் கவனித்திருப்பர்.

சொற்களைப் பற்றி ஒன்று கூறிச் செல்லலாம். தமிழகத்து நூலொன்றை இலங்கை மாணவன் வாசிப்பின் 'நிறை' என்னும் சொல் அவனை இடறச் செய்யும். இங்கு நிறை என்பது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை. அங்கு அதுவே திணிவைக் குறிக்கும். இங்கு சக்தி, அங்கு ஆற்றல். இங்கு வலு, அங்கு திறன். இங்கு ஆர்முடுகல், அங்கு முடுக்கம். இங்கு அயன், அங்கு அயனி. இவ்வேறுபாடுகளை முன்னிறுத்தித் தமிழில் உயர் விஞ்ஞானம் இயலாது என்போர் உளர். அவர்கள் கூற்று மிகை. சொல் வேறுபாடு ஒரு பட்டியலாலே தீர்வது. எழுத வேண்டிய பொருளே இல்லாதபோது பட்டியலைப் பற்றி வாதாடுவது வீண். கலைச்சொல் மாநாடுகளிலே நாம் செலவிட்ட பொழுதிற் பத்திலொரு பங்கினை ஆய்வாளரிடம் 'இவ்வாண்டு என்ன அளந்தீர்?' எனக் கேட்பதிற் செலவிட்டிருப்பின் சொற்கள் தாமாகவே ஒழுங்குபட்டிருக்கும்.

தமிழிலே இத்தகைய எழுத்து என்றுமே இருந்ததில்லை எனக் கொள்வது தவறாகும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943 இற் பதவியேற்ற சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பது அடிக்கடி கூறப்படுவது. அதன் பொருள் சிந்திக்கப்படுவது அரிது. 1947 இல் வெளியான அவரது யாழ் நூல் இலக்கிய ஆராய்ச்சி என்றே வகைப்படுத்தப்படுகின்றது. ஆயின் அதன் உள்ளீட்டிற் பெரும்பகுதி நரம்பின் நீளம், அதிர்வின் விகிதம், சுருதிகளின் இடைவெளி பற்றிய கணிதம். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகளிலே கூறப்படும் யாழாசிரியன் அமைதியிலிருந்து தொடங்கி, மறைந்துபோன கருவிகளின் அமைப்பை எண்களாலே மீட்டெடுக்க முனைகின்றது அந்நூல். அவர்தம் முடிபுகள் யாவும் இன்று ஏற்புடையன என்பதன்று. பாடலடிக்குக் கொண்ட பொருளே கணிதத்துக்கு அடிநிலமாகையால், பொருள் மாறின் எண்ணும் மாறும். இக்குறையையும் வாசகர் அந்நூலைக் கொண்டே கண்டுகொள்ளலாம். ஏனெனிற் கணிப்பின் படிகள் மறைக்கப்படவில்லை. அதுவே அந்நூலின் விஞ்ஞானத் தன்மை. ஏறத்தாழ அக்காலத்துக்குச் சற்று முன்பே திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் மிருதங்கத்தின் தோலிலே நடுவில் அப்பிய கரும்பசை அதன் மேற்சுரங்களை எவ்வாறு இசைவுபடுத்துகின்றது என 1920 இல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒருவர் உலகத்துக்கு எழுதினார். மற்றவர் தம் மொழியினருக்கு எழுதினார். இரண்டும் வேண்டும். விபுலாநந்தருக்குப் பின் இரண்டாவது வழியிலே புல் முளைத்துவிட்டது.

பௌதிகவியல் ஆய்வேடுகளைத் தமிழில் எழுதுதல் வேண்டும் என்னும் கோரிக்கை இங்கு விடுக்கப்படவில்லை. அக்கோரிக்கை உணர்ச்சிக்கு இனியது, ஆய்வாளருக்குத் தீங்கானது. ஓர் அளவீட்டைச் சரிபார்க்கவேண்டியவர் கோதன்பேர்க்கிலோ தோக்கியோவிலோ இருப்பார். அவர் வாசிக்க முடியாத ஆய்வேடு சரிபார்க்கப்படாத ஆய்வேடு. வேண்டப்படுவது அதனினும் சிறியது. ஆய்வு முடிந்தபின்னரோ முடியாது நின்றபோதோ, பத்துப் பக்கங்களிலே ஆய்வாளர் தாமே தமிழில் எழுதும் வரலாறு ஒன்று வேண்டும். முடியாது நின்றபோதும் என்பதை அழுத்திக் கூறவேண்டியுளது. நான்காண்டு உழைத்தபின் பட்டமின்றி வெளியேறுவோர் எந்நாட்டிலும் உளர். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை என அவர் நிறுவியிருப்பின் அதுவும் அறிவே. நம் எழுத்திலோ அவருக்குப் பெயரில்லை. ஊரிலே 'படித்து முடிக்கவில்லை' என்னும் ஒரு தொடரே உளது.

இவ்வெழுத்தினாற் பயன்பெறுவோர் யார் என்பதும் கருதத்தக்கது. கண்டிக்கு மேலே நுவரெலியா, ஹற்றன், பதுளைப் பக்கங்களிலே உயர்தர விஞ்ஞானப் பிரிவை முறையாக நடத்தும் தமிழ்மொழிப் பாடசாலைகள் சிலவே. பௌதிகவியல் ஆசிரியர் கிடைப்பது அதனினும் அரிது. பேராதனையிலிருந்து புகைவண்டியிலே சில மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்திக்கு ஆய்வு என்பது யாது என அறிய இன்றுள்ள வழி சந்திரசேகரின் கப்பற்பயணக் கதையொன்றே. திருகுக் கணிச்சியாற் படலமொன்றின் தடிப்பை அளந்து, அந்த அளவை நம்பமுடியாது திகைத்த ஒருவரின் கட்டுரை கிடைக்குமாயின், அக்கருவி தன் பாடசாலை அலுமாரியிலும் இருப்பதை அவள் உணர்வாள்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டிதழ்கள் இதற்கு ஏற்ற களம். அவற்றின் பொருளடக்கங்களிலே இலக்கியமும் வரலாறும் நிறைந்திருத்தல் குறையன்று. விஞ்ஞானபீடத்திலிருந்து வருவன பெரும்பாலும் 'அணுவும் மனிதனும்' போன்ற பொதுக் கட்டுரைகளாய் அமைதலே குறை. அவற்றை எழுதிய மாணவர் அவ்வாண்டு எதனை அளந்தார் என்பதைக் கட்டுரையிலிருந்து அறியமுடிவதில்லை. இதழாசிரியர் அவர்களிடம் அணுவைப் பற்றிக் கேளாது அவர்கள் மேசைமேல் உள்ளதைப் பற்றிக் கேட்டல் வேண்டும். அத்தகைய கட்டுரையொன்று கைக்கு வரும்போது, எண்ணுக்குப் பின்னே வரும் கூட்டற்கழித்தற் குறியையும் அதனை அடுத்துள்ள சிறிய எண்ணையும் பக்கம் அமைப்பவர் தேவையற்றதெனக் கருதி நீக்கிவிடாதவாறு பார்த்துக்கொள்வதும் அவர் வேலையே.